தோலில் பூசும் ஸ்டீராய்டு களிம்பு: பக்க விளைவு எப்படி வருகிறது, எப்படித் தவிர்ப்பது, வந்துவிட்டால் என்ன செய்வது

ஸ்டீராய்டு களிம்பு விஷயத்தில் இரண்டு விதமான துன்பம் உண்டு. மாதக்கணக்கில் கண்டபடி பூசித் தோலைக் கெடுத்துக்கொள்வது ஒன்று. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து டியூபை ஓரமாக வைத்துவிட்டு, இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது இன்னொன்று. 1952-ல் ஹைட்ரோகார்டிசோன் முதன்முதலாகத் தோல் நோய்க்குப் பூசப்பட்டதிலிருந்து, தோல் சிவந்து அரிக்கும் எக்சிமா, செதில் செதிலாகத் தடிக்கும் சோரியாசிஸ் போன்ற அழற்சி நோய்களுக்கு இதற்கு ஈடான பூச்சு மருந்து அதிகம் இல்லை. சரியாகப் பூசினால் பெரும்பாலோருக்குக் கெடுதல் வருவதில்லை. கெடுதல் வந்த இடங்களைப் பார்த்தால், வீரியம், இடம், அளவு, நாள் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று தவறியிருக்கும். அல்லது நோயே வேறாக இருந்திருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: டியூபில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் நமக்கு வேண்டியது. சோன், சோலோன், அசிட்டோனைடு என்று முடியும் பெயர்களும், குளோபெட்டசால், ஹாலோபெட்டசால் போன்றவையும் ஸ்டீராய்டுகள். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த கிரீம்களும் உண்டு. மங்குக்கும் கரும்புள்ளிக்கும் தரப்படும் சில கிரீம்களில் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் ஆகியவற்றோடு ஃபுளூசினோலோன் அசிட்டோனைடு 0.01% சேர்ந்திருக்கும். அது சில வாரங்களுக்கான சிகிச்சை. தினசரி அழகு கிரீம் போல ஆண்டுக்கணக்கில் பூச வேண்டியது அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத, தோலை வெளுக்கவைக்கும் கிரீமை முகத்தில் பூசவே கூடாது. ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று வெளுத்தால், உள்ளே வீரியமான ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்துச் சதவீதம். பலரும் ஏமாறுவது இங்கேதான். வெவ்வேறு ஸ்டீராய்டுகளின் சதவீதத்தை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஹைட்ரோகார்டிசோன் 1% மிகவும் மென்மையானது. குளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05% அதைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது. எண் சிறியதாக இருக்கிறதே என்று நினைத்துக் குளோபெட்டசாலைக் குழந்தையின் கன்னத்தில் பூசிவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

பிரிட்டனில் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். மென்மையானது ஹைட்ரோகார்டிசோன் 1%. நடுத்தரம் குளோபெட்டசோன் பியூட்டிரேட் 0.05%. வீரியமானவை பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%, மொமெட்டசோன் ஃபியூரோயேட் 0.1%. மிக வீரியமானது குளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05%. குளோபெட்டசோனும் குளோபெட்டசாலும் கேட்க ஒன்று போலிருந்தாலும் இரண்டு படி வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் ஏழு வகுப்புகள். அங்கே 1 என்றால் மிக வீரியம், 7 என்றால் மிக மென்மை.

மருந்துப் பெயரின் இரண்டாவது சொல்லையும் விடாதீர்கள். வெறும் ஹைட்ரோகார்டிசோன் மென்மையானது. ஹைட்ரோகார்டிசோன் பியூட்டிரேட் 0.1% பிரிட்டன் பட்டியலில் வீரியமானது. அதே மருந்து, அதே சதவீதம் என்றாலும், எண்ணெய்ப் பசையுள்ள ஆயின்ட்மென்ட் பெரும்பாலும் கிரீமைவிட அதிகமாக உள்ளே இறங்கும். தடித்து வறண்ட தோலுக்கு ஆயின்ட்மென்ட், நீர் கசியும் இடத்துக்குக் கிரீம், முடியுள்ள இடத்துக்கு லோஷன் என்பது பொதுவான வழக்கம்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் பூசுகிறீர்கள்

உடம்பு முழுவதும் தோல் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஹைட்ரோகார்டிசோனை வைத்து இதை அளந்தார்கள். முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால், உள்ளங்கால் அதில் ஏழில் ஒரு பங்கு, உள்ளங்கை 0.83, முதுகு 1.7, உச்சந்தலையும் அக்குளும் ஏறக்குறைய 3.5, நெற்றி 6, தாடை ஓரம் 13, விதைப்பை 42 மடங்கு.

உள்ளங்காலின் தடித்த தோலுக்கு எழுதித் தந்த களிம்பைத் தொடை இடுக்கில் பூசினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும். முகம், கழுத்து, கண்ணிமை, அக்குள், மார்பின் கீழ் மடிப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களுக்கு மென்மையானது போதும். மருத்துவர் பார்த்துச் சொன்னால் நடுத்தரம், அதுவும் சில நாட்களுக்கு. மடிப்புகளில் தோலோடு தோல் ஒட்டியிருப்பதால், பூசிய மருந்து மூடிக் கட்டியது போலாகிவிடுகிறது. பிளாஸ்டிக் உறையாலோ இறுக்கமான கட்டாலோ மூடும்போது உறிஞ்சுதல் பத்து மடங்கு வரை கூடலாம். குழந்தையின் டயப்பரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆகவே டயப்பர் படும் இடத்தில் வீரியமான ஸ்டீராய்டு கூடவே கூடாது.

மூன்றாம் படி: நோய் இதுதானா என்று உறுதி செய்யுங்கள்

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், கிருமியைக் கொல்லாது. படர்தாமரையில் பூசினால் முதல் சில நாட்கள் அரிப்பும் சிவப்பும் அடங்கும். நோய் குறைகிறது என்று தோன்றும் அந்த நாட்களில்தான் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. நிறுத்தியதும் அரிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், மறுபடி பூசத் தோன்றும். நாளடைவில் வட்ட வடிவமும் செதில் விளிம்பும் மறைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத நிலைக்குப் போய்விடும். மூன்று மருந்து கலந்த கிரீமில் பூஞ்சை மருந்தும் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்; உள்ளே இருக்கும் வீரியமான ஸ்டீராய்டு அதன் வேலையைக் கெடுக்கிறது.

வட்டமாக, ஓரம் சற்று உயர்ந்து செதில் விட்டு, நடுவில் தெளிந்து விரியும் தடிப்பா? முதலில் தோலைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை. இரவில் அரிப்பு கூடி, வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறதா? சிரங்காக இருக்கலாம், ஸ்டீராய்டு அதை மறைத்து வைக்கும். முகப்பரு, அக்கி, சீழ்ப்பிடித்த புண், முகம் சிவந்து பருக்கள் வரும் ரோசேசியா ஆகியவற்றில் சொந்த முடிவில் பூசக் கூடாது. அடுத்தவருக்கு எழுதித் தந்த டியூபை வாங்கிப் பூசுவதும் இதே தவறுதான்.

நான்காம் படி: விரல் நுனியால் அளந்து பூசுங்கள்

‘லேசாகப் பூசுங்கள்’ என்ற அறிவுரை யாருக்கும் உதவியதில்லை. இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. 5 மி.மீ. வாயுள்ள டியூபிலிருந்து, பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனி தொடங்கி முதல் மடிப்புக் கோடு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு. ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும்.

பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு: முகமும் கழுத்தும் 2½, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கை 3, மணிக்கட்டுக்குக் கீழே இருபுறமும் 1, ஒரு கால் 6, பாதம் 2, மார்பும் வயிறும் 7, முதுகும் பிட்டமும் 7. இது அந்தப் பகுதி முழுவதும் நோய் இருந்தால் மட்டுமே. பாதி இடத்தில் இருந்தால் பாதி அளவு.

குழந்தைக்கும் அளப்பது பெரியவரின் விரலில்தான். எண்ணிக்கை மட்டும் குறையும். 3 முதல் 6 மாதக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் 1, ஒரு கை முழுவதும் 1, ஒரு கால் முழுவதும் 1½, உடம்பின் முன்புறம் 1, பின்புறம் 1½. ஒன்று, இரண்டு வயதில் முகம் 1½, கை 1½, கால் 2, முன்புறம் 2, பின்புறம் 3.

இந்தக் கணக்கு உங்கள் பழக்கத்தைச் சோதிக்கவும் உதவும். ஒரு கைக்கு ஒரு தடவை 3 அளவு என்றால் 1.5 கிராம். 15 கிராம் டியூப் பத்துத் தடவைக்கு வர வேண்டும். நான்கு நாளில் தீர்ந்தால் அதிகம் பூசுகிறீர்கள். இரண்டு மாதம் வந்தால் குறைவாகப் பூசி நோயை இழுத்தடிக்கிறீர்கள். அப்போது நாட்கள் கூடி, அதுவே பக்க விளைவுக்கு வழியாகும். குறைவாகப் பூசுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பூசும் முறையும் நாட்களும்

குளித்துத் துடைத்தபின், முடி வளரும் திசையிலேயே மெல்லியதாகத் தடவுங்கள். எதிர்த் திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்களில் கொப்புளம் வரும். நோயுள்ள இடத்தில் மட்டும் பூசுங்கள். ஈரப்பதக் கிரீமுக்கும் ஸ்டீராய்டுக்கும் இடையே 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். உடனுக்குடன் ஒன்றன்மேல் ஒன்று பூசினால் ஸ்டீராய்டு நீர்த்துப்போகும், நோயில்லாத தோலுக்கும் பரவும். கைக்கே சிகிச்சை இல்லையென்றால், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத விரல் கண்ணுக்குப் போவது சகஜம்.

வீரியமான களிம்புகளை நாளுக்கு ஒரு தடவை பூசினாலே பெரும்பாலும் போதும். மூன்று, நான்கு தடவை பூசுவதால் குணம் கூடுவதில்லை, கெடுதல்தான் கூடும். பொதுவான வரம்புகள்: முகத்துக்கு 5 முதல் 7 நாள், மடிப்புகளுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், உடம்பிலும் கை கால்களிலும் வீரியமானது இரண்டு வாரம், பிறகு மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குளோபெட்டசால் தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டவும் கூடாது. உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்புகளுக்கு மருத்துவரே கூடுதல் நாள் சொல்லலாம்.

எக்சிமா தணிந்த அன்றே நிறுத்தாமல், மேலும் இரண்டு நாள் பூசி நிறுத்துவது நல்லது. அடிக்கடி திரும்பி வருபவர்களுக்கு, வழக்கமாக வரும் இடங்களில் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் பூசும் தடுப்பு முறை உண்டு. அதை மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை தேவைதானா என்று பார்க்க வேண்டும்.

தோலில் என்னென்ன நடக்கலாம்

முதலிலும் பரவலாகவும் வருவது தோல் மெலிதல். ஸ்டீராய்டு மேல்தோல் செல்களின் பெருக்கத்தைக் குறைக்கிறது, அடித்தோலில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தியையும் தடுக்கிறது. தோல் பளபளப்பாக, சிகரெட் தாள் போலச் சுருங்கும். ரத்தக் குழாய்கள் துலங்கித் தெரியும். லேசாக இடித்தாலும் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டும். தொடக்கத்திலேயே கண்டு நிறுத்தினால் வாரங்களில், மாதங்களில் தடிமன் பெருமளவு திரும்பும். வயதானவர்களின் முன்கையில் இது சீக்கிரம் தெரியும்.

வரித் தழும்பு அப்படியல்ல. தொடை, அக்குள், மார்பு ஓரங்களில் முதலில் சிவந்த அல்லது ஊதாக் கோடுகளாக வரும். பிறகு வெளுக்கும், ஆனால் மறையாது. வளரிளம் பருவத்தில், தொடை இடுக்கு அரிப்புக்கு மாதக்கணக்கில் கலப்புக் கிரீம் பூசுபவர்களுக்கு இது வருவது மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்த அரிப்பு பெரும்பாலும் பூஞ்சையாகத்தான் இருந்திருக்கும்.

பூசியதும் தோல் வெளுப்பது, ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால். 1962 முதல் களிம்புகளின் வீரியத்தையே இந்த வெளுப்பை வைத்து அளந்து வருகிறார்கள். நெடுநாள் பூசினால் நிலை தலைகீழாகும். குழாய்களைத் தாங்கும் கொலாஜன் கரைந்து, அவை நிரந்தரமாக விரிந்து, கன்னத்தில் சிவப்பு வலைக் கோடுகளாக நிற்கும். நிறுத்தினாலும் பல கோடுகள் போகாது. லேசர் சிகிச்சை தேவைப்படலாம்.

முகத்தில் வேறு சிலவும் சேரும். வாயைச் சுற்றியும் மூக்கோரத்திலும் சிறு சிவப்புப் பருக்கள் வந்து, உதட்டை ஒட்டிய மெல்லிய வளையம் மட்டும் தப்பியிருந்தால், அது வாய்சுற்றுத் தோலழற்சி. பூசினால் அடங்கும், விட்டால் சீறும். ஒரே அளவில், ஒரே பருவத்தில், கரும்புள்ளி இல்லாமல் மார்பிலும் முகத்திலும் கிளம்புவது ஸ்டீராய்டுப் பரு. பெண்களின் கன்னத்திலும் தாடையிலும் முடி வளரலாம். வெயிலில் போனாலே எரிச்சல், நீர் பட்டாலே கூச்சம் என்று முகம் எதையும் தாங்காத நிலைக்கு வரும். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் பூசிய இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். இந்த வெளுப்பு பெரும்பாலும் நிறுத்தியபின் மெல்லத் திரும்பும்.

சட்டென்று யாரும் சந்தேகிக்காதது ஒவ்வாமை. பூசப் பூச நோய் கூடுகிறது என்றால், களிம்பில் உள்ள பதப்படுத்தியோ, புரோப்பிலீன் கிளைக்காலோ, ஸ்டீராய்டேயோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். முதுகில் ஒட்டுச் சோதனை செய்து கண்டுபிடிக்கலாம். ஸ்டீராய்டே தன் எதிர்வினையை அடக்கிவிடுவதால், இரண்டு, நான்கு நாட்களில் பார்ப்பதோடு விடாமல் ஏழாம் நாளிலும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உடம்புக்குள் போனால்

சிறிய இடத்தில், குறைந்த நாள் பூசும் பெரும்பாலோருக்கு இந்தக் கவலை வேண்டாம். ஆனால் குளோபெட்டசால் நாளுக்கு 2 கிராம் என்ற அளவிலேயே, சிறுநீரகத்தின் மேலிருந்து உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை அடக்கியது பதிவாகியிருக்கிறது. 2 கிராம் என்றால் நான்கு விரல்நுனி அளவு. தோளிலிருந்து விரல்கள் வரை ஒரே ஒரு கைக்குப் பூசும் அளவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருப்பதால் சுரப்பி கார்டிசால் என்ற அந்தச் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். முகம் உருண்டு வீங்குதல், கழுத்தின் பின்புறக் கொழுப்பு, வயிறு பெருத்தல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுதல் ஆகியவை ஸ்டீராய்டு மிகுந்ததைக் காட்டும். சர்க்கரை நோயாளிகள் பெரிய பரப்பில் பூசும்போது அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். அதனால் அதே களிம்பு அவர்கள் ரத்தத்தில் கூடுதலாகச் சேரும்; நெடுநாளானால் உயரம் தேங்கலாம். தொடர்ந்து தேவைப்படும் குழந்தையின் உயரத்தையும் எடையையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணிமையில் மாதக்கணக்கில் பூசுவதால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். கண் அழுத்தம் ஏறும்போது வலியோ மங்கலோ தெரியாமலே பார்வை நரம்பு கெடும். ஆகவே இமையில் சில வாரங்களுக்கு மேல் பூசியவர்கள், அறிகுறி இல்லாவிட்டாலும் கண் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் கட்டாயம்.

கர்ப்பிணிகளுக்கு மென்மையானதும் நடுத்தரமும் பொதுவாகப் பாதுகாப்பானவை. வீரியமானதைக் கர்ப்பகாலம் முழுவதுமாகச் சேர்த்து 300 கிராமுக்கு மேல் பூசியவர்களிடம் குழந்தையின் எடை குறைவதோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. பாலூட்டுபவர்கள் முலைக்காம்பில் பூச வேண்டியிருந்தால், பால் கொடுத்தபின் பூசி, அடுத்த முறைக்கு முன் துடைத்துவிட வேண்டும்.

நீண்ட நாள் பூசிவிட்டீர்கள், இப்போது நிறுத்த வேண்டும்

இரண்டு வாரம் பூசியவர் அப்படியே நிறுத்தலாம். மாதக்கணக்கில், குறிப்பாக முகத்திலும் பிறப்புறுப்பிலும், நடுத்தரம் அல்லது அதற்கு மேல் பூசியவர் ஆயத்தத்தோடுதான் நிறுத்த வேண்டும். நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ தோல் கனல் போலச் சிவந்து எரியலாம், வீங்கலாம், நீர் கசிந்து செதில் செதிலாக உதிரலாம்.

இது பழைய எக்சிமாவா, நிறுத்தியதன் விளைவா என்று எப்படிப் பிரிப்பது? எக்சிமாவில் அரிப்பு முன்னே நிற்கும். இதில் எரிச்சல் முன்னே நிற்கும். எக்சிமா பழைய இடங்களில் வரும். இது மருந்தே படாத இடங்களுக்கும் பரவும். கை முழுவதும் சிவந்து, மணிக்கட்டோடு கோடு போட்டது போல நின்று உள்ளங்கை மட்டும் தப்பியிருப்பதும், முகம் சிவந்து மூக்கு மட்டும் வெளுத்திருப்பதும் கவனிக்கத்தக்க அடையாளங்கள். வாரங்களில் அடங்குபவர்களும் உண்டு, மாதங்கள் நீள்பவர்களும் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூப்களையும், எத்தனை நாள், மாதத்துக்கு எத்தனை டியூப் என்ற கணக்கையும் கொண்டு போங்கள். அவர் வீரியத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று இடைவெளியைக் கூட்டலாம். முகத்துக்கு டாக்ரோலிமஸ் 0.03% அல்லது 0.1%, பிமெக்ரோலிமஸ் 1% போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புக்கு மாற்றலாம். அவை முதல் சில நாட்கள் எரியும், தோலை மெலியவிடாது. வாய்சுற்றுத் தோலழற்சிக்கு ஸ்டீராய்டை நிறுத்துவதுதான் அடிப்படைச் சிகிச்சை. முதல் ஓரிரு வாரம் கூடிவிட்டுத்தான் இறங்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததால்தான் பலர் பத்தாம் நாளில் பழைய டியூபையே எடுக்கிறார்கள். தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை சில வாரம் தரப்படும். இந்த நாட்களில் முகத்துக்கு வாசனையில்லாத மென்மையான கிளென்சர், ஈரப்பதக் கிரீம், வெயில் தடுப்பு மூன்றும் போதும். புதுப்புது கிரீம் எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

பெரிய பரப்பில் நெடுநாள் வீரியமானதைப் பூசியவர் திடீரென்று நிறுத்தியபின் கடுமையான சோர்வு, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், மயக்கம் வந்தால் அதைத் தோல் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது. அட்ரினல் சுரப்பி விழிக்காததன் அறிகுறி அது. அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பார்வை மங்கினாலும், காய்ச்சலோடு பூசிய இடம் சூடாகி வீங்கிச் சீழ் வைத்தாலும் அப்படியே. அறுவை சிகிச்சைக்கோ காய்ச்சலுக்கோ வேறு மருத்துவரைப் பார்க்கும்போதும், ‘ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் பூசும் ஸ்டீராய்டின் பெயரையும் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுரப்பி அடங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், காலை எட்டு மணி வாக்கில் ரத்தத்தில் கார்டிசால் அளவு பார்த்து, தேவையான நாட்களுக்கு மாற்று ஸ்டீராய்டு கொடுத்துக் காப்பாற்ற முடியும்.